பியர் றாக்கையைப் பெருப்பிக்கக் கேட்டேன், பொலிஸ் எதிர்க்கிறது. ஒத்துப்போவதா, கவுன்சிலின் ஹியரிங்குக்கு (விசாரணைக்கு) போவதா?

மூலைக்கடைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் கடை வைத்திருக்கிற நம்மவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனுக்கு வெளியே ஒரு நடுத்தர ஊர், ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் மூலைக்கடை. ஒன்பது வருடமாக நானும் மனைவியும் நடத்துகிறோம், பின்னேரத்தில் ஒரு பெடியன் வந்து நிற்பான். இப்போதைய லைசென்ஸ்படி காலை 8 மணியிலிருந்து இரவு 11 வரை மதுபானம் விற்கலாம். முன்பு ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பேப்பரும் சஞ்சிகையும் வாழ்த்து மட்டையும்தான். இப்போது பேப்பர் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள், அவர்களிலும் மாதத்துக்கு ஒருவர் குறைகிறார். அதனால் அந்தச் சுவரைக் காலியாக்கி நாலு கதவுக் குளிர்பெட்டி போட்டு பியரும் வைனும் அடுக்கலாம், வெள்ளி சனியில் இரவு 2 வரையும் மற்ற நாட்களில் 12 வரையும் விற்கலாம் என்று யோசித்து, லைசென்ஸை மாற்றித் தரச்சொல்லி கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டேன். கட்டணம் 190 பவுண். உள்ளூர்ப் பத்திரிகையில் போட்ட விளம்பரத்துக்கு அதைவிடக் கூடப் போனது, அது வேறு கதை. விண்ணப்பத்தை அறிவிக்கிற நீலக் கடதாசியும் கடைக் கண்ணாடியில் ஒட்டியாயிற்று.

ஆட்சேபம் சொல்வதற்கு உள்ள 28 நாளில் 22 நாள் ஒரு சத்தமும் இல்லை. சரி, முடிந்தது என்று குளிர்பெட்டிக்காரனுக்கு முற்பணமும் கொடுத்துவிட்டேன். 23ஆம் நாள் பொலிஸின் லைசென்ஸ் பிரிவிலிருந்து மின்னஞ்சல். நிலையத்துக்குப் பக்கத்து வாங்கில் (பெஞ்சில்) இருந்து குடிக்கிறவர்கள், வெள்ளி இரவில் நடக்கிற அடிபிடி, இரவில் கடையில் ஒருவர் மட்டும் நிற்பது என்று மூன்று காரணம் சொல்லி எதிர்க்கிறார்கள். கீழே ஒரு பட்டியல்: பியரை ஒற்றை ரின்னாக விற்கக்கூடாது, 6.5 சதவீதத்துக்கு மேலான பியரும் சைடரும் வைக்கக்கூடாது, கமராப் பதிவு 31 நாள் இருக்க வேண்டும், விற்க மறுத்ததை எழுதுகிற புத்தகம் வேண்டும், இரவு 9க்குப் பிறகு எந்த நாளும் இரண்டு பேர் நிற்க வேண்டும், நேரம் 11க்கு மேல் கிடையாது. இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டால் குளிர்பெட்டியைப் பற்றி ஆட்சேபம் இல்லையாம்.

எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த வாங்கில் இருக்கிறவர்கள் என் கடையில் மட்டுமா வாங்குகிறார்கள்? நூறு அடி தள்ளி ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் சின்னக் கிளை இருக்கிறது, அவர்கள் அடுக்கி வைத்திருப்பதில் கால்வாசிகூட என்னிடம் இல்லை. ஒன்பது வருடத்தில் பொலிஸ் என் கடைக்கு வந்தது இரண்டு தரம், இரண்டும் நான் கூப்பிட்டு.

கேள்வி இதுதான். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதா, அல்லது ஹியரிங்குக்குப் போவதா? அங்கே தோற்றால் இருக்கிற லைசென்ஸும் போய்விடுமா? மனைவி இரவில் நித்திரை கொள்ளவில்லை.

---

நெடுந்தீவான் எழுதியது:

தம்பி, முதலில் மனைவியை நித்திரை கொள்ளச் சொல்லுங்கள். மாற்றம் கேட்ட விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டாலும் கையில் இருக்கிற லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது. 8 முதல் 11 அப்படியே இருக்கும்.

ஆனால் ஒன்று. இவ்வளவு நாளும் பொலிஸ் உங்கள் கடையைக் கண்டுகொள்ளவில்லை, இப்போது உங்கள் பெயரில் ஒரு கோப்பு மேசையில் திறந்து கிடக்கிறது. ஹியரிங்குக்கு முன்னால் கட்டாயம் ஒரு தரம் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். அப்போது ஏதாவது பிழை பிடித்தால் அதை வைத்து ரிவியூ கேட்கலாம். ரிவியூ என்றால்தான் இருக்கிற லைசென்ஸில் கைவைப்பது. அதனால் பதில் எழுத முதல் வீட்டைக் கூட்டுங்கள்.

என்னுடைய முதல் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் அதிகாரி வந்தார், நல்ல மனுசி, சிரித்துக்கொண்டே மறுப்புப் புத்தகத்தைக் கேட்டார். நாலு மாதமாக ஒரு வரி இல்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டு, நாலு மாதமாக ஒரு வெறிகாரனும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் உங்கள் கடைப்பக்கம் வரவில்லையா என்று கேட்டார். நான் என்ன சொல்ல? பிறகு கமராவைப் பார்த்தார், அது ஒக்ரோபரில் நேரம் மாற்றாமல் விட்டு ஒரு மணித்தியாலம் பிழையாக ஓடிக்கொண்டிருந்தது. பதிவு 31 நாள் என்று லைசென்ஸில் இருக்கிறது, பெட்டியில் இருந்தது 12 நாள். ஒன்றும் பெரிய குற்றம் இல்லை, ஆனால் அறிக்கையில் எழுதும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேலைக்கு நிற்கிற பெடியனுக்கு உங்கள் சார்பில் மதுபானம் விற்க எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா? அவன் இந்த நாட்டில் வேலை செய்யலாம் என்பதற்குப் பார்த்த அத்தாட்சியின் பிரதி கோப்பில் இருக்கிறதா? 2024 பெப்ரவரியிலிருந்து அதற்கு முதல் தரமே ஒரு ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம், திரும்ப நடந்தால் 60,000 வரை. குடிவரவுக்காரர்களும் இப்போது லைசென்ஸ் விண்ணப்பத்தில் ஆட்சேபம் சொல்லக்கூடியவர்கள்தான், 2017லிருந்து. மொத்தச் சரக்கு வாங்கிய பில் எல்லாம் பதிவு பெற்ற மொத்த வியாபாரியிடம் இருந்துதானே? வெள்ளை வானில் மலிவு விஸ்கி கொண்டுவந்து இறக்குகிறவனை நம்பி லைசென்ஸை இழந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

இனிப் பட்டியல். கமரா, புத்தகம் இரண்டுக்கும் உடனே ஓம் சொல்லுங்கள், எப்படியும் செய்ய வேண்டியது. ஒற்றை ரின் எனக்கும் முதலில் கசந்தது. ஆனால் காலை 8 மணிக்குக் கதவு திறக்க முதலே சில்லறையை எண்ணிக்கொண்டு நிற்கிற கூட்டம் ஒற்றை ரின்னை நிறுத்தியதும் வராமல் போய்விட்டது. அவர்கள் போனதும் பிள்ளையோடு பால் வாங்க வருகிற அம்மாமார் திரும்ப வந்தார்கள். கணக்குப் பார்த்தால் எனக்கு நட்டம் இல்லை. 6.5க்கு மேல் வேண்டாம் என்பதில் மட்டும் வசனத்தைக் கவனியுங்கள். நம் சனம் தேடி வருகிற இலங்கைக் கறுப்பு பியர் லயன் ஸ்டவுட்டும் அந்தக் கோட்டைத் தாண்டும், விலை கூடிய பெல்ஜியம் போத்தல்களும் தாண்டும். அந்த வாங்கில் குடிக்கிறவன் இதை வாங்கப்போவதில்லை. கண்ணாடிப் போத்தலில் வருகிற சிறப்பு வகைகளுக்கு விலக்கு என்று ஒரு வரி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

இரண்டு ஆள் என்பதுதான் கடையைக் கொல்லும். எல்லா நாளும் 9க்குப் பிறகு என்றால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். வெள்ளி சனி, 11க்குப் பிறகு மட்டும் என்று பேரம் பேசுங்கள்.

கடைசியாக, இரவு 2 மணி உங்களுக்கு ஏன்? ஒன்றரை மணிக்கு யார் வருவான், பப் மூடி வெளியே வந்தவன்தானே. சில ஊர்களில் நள்ளிரவுக்குப் பிறகு விற்பதற்குத் தனி வரி இருக்கிறது, உங்களைப்போல 190 பவுண் கட்டுகிற கடைக்கு வருடம் 768 பவுண். உங்கள் கவுன்சிலில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அந்த இரண்டு மணித்தியாலத்தில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடுங்கள்.

---

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

நான் ஆறு வருடம் ஒரு கவுன்சிலின் லைசென்ஸ் அலுவலகத்தில் கோப்புத் தூக்கியவன், இப்போது வேறு வேலை. நெடுந்தீவான் அண்ணை சொன்னது எல்லாம் சரி. சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

2003ஆம் ஆண்டு லைசென்ஸ் சட்டம் நாலே நாலு நோக்கத்தைத்தான் பார்க்கச் சொல்கிறது: குற்றமும் குழப்பமும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, தொல்லை தடுத்தல், பிள்ளைகளைக் காத்தல். உங்கள் வியாபாரம் குறைகிறது, பேப்பர் விற்கவில்லை என்பதெல்லாம் இந்த நாலில் ஒன்றிலும் வராது. ஹியரிங்கில் பாதிப் பேர் அதைச் சொல்லித்தான் நேரத்தை வீணாக்குவார்கள். பக்கத்தில் சூப்பர்மார்க்கெட் இருக்கிறதே என்பதும் அப்படித்தான், ஒவ்வொரு கடையும் தன் சொந்த நிலைமையில்தான் பார்க்கப்படும்.

உங்களுக்குச் சாதகமானது: உள்துறை அமைச்சு 182ஆம் பிரிவின் கீழ் வெளியிட்ட வழிகாட்டியில், கடை திறந்திருக்கிற நேரம் முழுக்க மதுபானம் விற்க வழக்கமாக விட வேண்டும், மறுக்க நல்ல காரணம் வேண்டும் என்று இருக்கிறது. பாதகமானது: குற்றம் சம்பந்தமான விஷயத்தில் கவுன்சில் முதலில் காது கொடுக்க வேண்டியது பொலிஸுக்கு என்றும் அதே வழிகாட்டிதான் சொல்கிறது. இன்னொன்று, உங்கள் தெரு கவுன்சிலின் நெரிசல் வட்டாரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே மதுக்கடை நிறைந்துவிட்டது என்று கவுன்சில் அறிவித்த இடத்தை அப்படிச் சொல்கிறோம். அதற்குள் என்றால் உங்கள் கடையால் பிரச்சினை கூடாது என்று காட்டுகிற பாரம் கிட்டத்தட்ட உங்கள் தலையில்.

பொலிஸ் சொன்ன வாங்குக் குடியும் அடிபிடியும் எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம் என்று மரியாதையாக எழுதிக் கேளுங்கள். ஊர் முழுக்க நடந்ததைக் கூட்டி உங்கள் கதவில் ஒட்டியிருக்கலாம். இணையத்தில் இருக்கிற பொலிஸ் குற்ற வரைபடத்தைப் பார்த்து நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம், அதில் புள்ளிகள் சரியான இடத்தில் இராது, வேண்டுமென்றே பக்கத்தில் தள்ளி வைத்திருப்பார்கள். சிலர் 2008இல் வந்த த்வெயிட்ஸ் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஊகத்தை வைத்துத் தீர்மானிக்கக்கூடாது, ஆதாரம் வேண்டும் என்று சொன்ன வழக்கு. நல்ல தீர்ப்புத்தான், ஆனால் அங்கே பொலிஸ் எதிர்க்கவில்லை, இங்கே எதிர்க்கிறது. அதனால் அடக்கி வாசியுங்கள்.

ஹியரிங் என்பது கோர்ட் இல்லை. மூன்று கவுன்சிலர்கள், ஒரு சட்ட ஆலோசகர், தண்ணீர்ப் போத்தல். 28 நாள் முடிந்து 20 வேலைநாளுக்குள் வைக்க வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் மஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போகலாம், அங்கே போனால் வக்கீல் செலவு உங்கள் குளிர்பெட்டியைவிடக் கூடும். ஹியரிங்குக்கு முன்பே பொலிஸோடு ஒத்துப்போய், வேறு யாரும் ஆட்சேபம் சொல்லாமலும் இருந்தால் ஹியரிங்கே தேவையில்லை. நான் பார்த்ததில் பெரும்பாலானவை அப்படி மின்னஞ்சலிலேயே முடிந்தன. பொலிஸ் அனுப்புகிற முதல் பட்டியல் பேரத்தின் முதல் விலை மாதிரி, அவர்களுக்கும் அது தெரியும்.

ஒரு உபாயமும் சொல்கிறேன். நேரம் நீட்டுவதுதான் சிக்கல் என்றால் அதை இப்போது விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள். டிசம்பரில் தற்காலிக நிகழ்வு அறிவித்தல் போட்டு, 21 பவுண் கட்டினால் ஏழு நாள் வரை, பின்னிரவு விற்றுப் பாருங்கள். பத்து வேலைநாள் முன்னால் கொடுக்க வேண்டும், பொலிஸ் அதற்கும் ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் சொல்லாமல் விட்டு, ஒரு வாரம் ஒரு பிரச்சினையும் இல்லாமல் போய், கமராவும் புத்தகமும் சுத்தமாக இருந்தால், அடுத்த வருடம் நேரம் கேட்கும்போது கையில் பேச ஏதாவது இருக்கும்.

கோப்பி மெஷின் வைத்திருந்தால் இன்னொரு விஷயம்: இரவு 11க்கும் காலை 5க்கும் இடையில் சூடாக எதைக் கொடுப்பதற்கும் தனி அனுமதி வேண்டும். பியரைப் பற்றியே யோசித்து இதை மறந்துவிடுவார்கள்.

---

மாடிவீட்டுக்காரி எழுதியது:

எல்லாரும் கடைக்காரர் பக்கமே கதைக்கிறீர்கள், நான் மேல்மாடிப் பக்கம் கதைக்கிறேன். எங்கள் வீட்டுக்குக் கீழே இதே மாதிரி ஒரு கடை, அதுவும் நம்மவர் கடைதான். நல்ல மனிதர், பிள்ளைகளுக்குச் சும்மா ரொபி கொடுப்பார். இரண்டு வருடத்துக்கு முன் 1 மணி வரை நேரம் வாங்கினார். அதற்குப் பிறகு வெள்ளி இரவென்றால் கீழே வாசலில் நின்று கத்துவார்கள், ஒரு நாள் எங்கள் படிக்கட்டில் ஒருவன் படுத்திருந்தான், காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனேன். கடைக்காரர் அதற்கு என்ன செய்வார்? அவர் விற்று முடிந்தது, ரோட்டில் நடப்பது தன் பொறுப்பில்லை என்கிறார். சட்டப்படி சரியாக இருக்கலாம்.

அந்த நீலக் கடதாசியைப் பார்த்தபோது நான் ஆட்சேபம் எழுதவில்லை. நம்மாள், முகம் முறிக்க வேண்டாம் என்று விட்டேன். எழுதுகிறவரின் பெயரும் முகவரியும் அவர் கைக்குப் போகும் என்று வேறு சொன்னார்கள். பொலிஸ் எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன், அவர்களும் எழுதவில்லை.

இன்னொன்று, இரவில் தனியாக நிற்கப்போவது யார்? நீங்களா, மனைவியா, அந்தப் பெடியனா? இரண்டு ஆள் நிபந்தனையைக் காசு என்று மட்டும் பார்க்கிறீர்கள். வெறியில் இருக்கிறவனிடம் தனியாக நின்று தரமாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள்.

---

மதுரைக்காரன் எழுதியது:

ஊர்ல இருந்து படிக்கிறேன், கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு. இங்கே 2003ல இருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக், அதாவது அரசாங்கமே கடை வைத்திருக்கு. பள்ளிக்கூடத்துப் பக்கம் கடை வேண்டாம்னு பெண்கள் ரோட்டுல உட்காருவாங்க, அவங்களை எழுப்புறதுக்குத்தான் போலீஸ் வரும். உங்க ஊர்ல போலீஸ் கடை பெரிசாகக் கூடாதுன்னு கடுதாசி போடுது!

---

கிளாஸ்கோக்குளிர் எழுதியது:

மதுரை அண்ணா, 😄

மூலைக்கடை அண்ணை, நீங்கள் ஸ்கொட்லாந்தில் கடை வைக்கவில்லை என்று சந்தோஷப்படுங்கள். இங்கே வெளியே கொண்டுபோகிற மதுபானம் காலை 10 முதல் இரவு 10 வரைதான், பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கும் அதேதான். ஹியரிங்கில் எவ்வளவு அழுதாலும் 10:01க்கு விற்க முடியாது. மது அடுக்குகிற றாக்கை எத்தனை சதுர மீற்றர் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும், அதைக் கூட்டுவதென்றால் பெரிய மாற்றமாக விண்ணப்பித்து சபைக்கு முன் போக வேண்டும். நான் ஒரு தரம் நத்தாருக்கு வைன் பெட்டிகளைக் கடை நடுவில் அடுக்கிவிட்டேன், வந்த அதிகாரி சுருள் நாடாவை எடுத்து அளந்தார். அதற்கு மேல் குறைந்தபட்ச விலை வேறு, 2024 செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒரு யூனிட் (10 மில்லிலீற்றர் சுத்த அல்ககோல்) 65 பென்ஸ். அதனால் மலிவு சைடர் வியாபாரம் இங்கே முன்பே செத்துவிட்டது, வாங்குக் குடிக்கு நாங்கள் பேச்சு வாங்குவதும் குறைவு.

இங்கிலாந்தில் அந்த 6.5 சதவீதக் கதை இப்ஸ்விச்சில் 2012இல் தொடங்கியது. அங்கே பொலிஸும் கவுன்சிலும் சேர்ந்து கடை கடையாகப் போய், மலிவான கடும் பியரை நீங்களாகவே எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள், நிறையக் கடைகள் எடுத்தன. பிறகு மற்ற ஊர்ப் பொலிஸும் அதைப் பிடித்துக்கொண்டது. தானாக எடுப்பதற்கும் லைசென்ஸில் எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது: எழுதிவிட்டால், தெரியாமல் ஒரு ரின் இருந்தாலும் நிபந்தனை மீறல். நெடுந்தீவான் அண்ணை சொன்ன போத்தல் விலக்கை விட்டுவிடாதீர்கள்.

---

மூலைக்கடைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு மனைவிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மாடிவீட்டுக்காரி அக்கா எழுதியதை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னாள். அந்தப் பெடியன் போன மாதம் ஒருத்தனுக்கு பியர் கொடுக்கமாட்டேன் என்றதுக்கு அவன் சிகரெட் றாக்கையை நோக்கிப் போத்தல் எறிந்தானாம், பெடியன் எனக்குச் சொல்லவே இல்லை. அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். புத்தகத்திலும் எழுதவில்லை.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நெடுந்தீவான் அண்ணை, உங்களுடையது நாலு மாதம், என்னுடையது ஏழு.

இன்று பொலிஸ் அதிகாரியோடு தொலைபேசியில் கதைத்தேன். கதைக்கும்போது கடிதத்தில் இருந்த ஆள் மாதிரி இல்லை. 2 மணியை நானாகவே எடுத்துவிட்டேன். வெள்ளி சனி 12 வரை, அந்த ஒரு மணித்தியாலமும் இரண்டு பேர், மற்ற நாள் பழையபடி 11. ஒற்றை ரின் இல்லை. போத்தல் விலக்கு மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார், லயன் ஸ்டவுட் என்றால் என்ன என்றும் கேட்டார். சரி, யாரும் அயலவர் ஆட்சேபம் எழுதியிருக்கிறார்களா என்று கவுன்சிலில் கேட்டேன், ஒன்று வந்திருக்கிறதாம், பின்தெருவில் ஒரு வீடு. அவர் மாறாவிட்டால் ஹியரிங் நடக்குமாம். நேரே போய்க் கதைக்கலாமா, பிழையா?

---

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

கதைக்கலாம், தடை இல்லை. ஆனால் தனியாகப் போகாதீர்கள், இரவில் போகாதீர்கள், பொலிஸோடு ஒத்துக்கொண்ட நிபந்தனைகளை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள். அதைப் பார்த்தே பலர் விலக்கிக்கொள்வார்கள். வைன் போத்தல் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம், ஒருவர் அப்படிச் செய்து அது ஹியரிங்கில் வாசிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

---

நெடுந்தீவான் எழுதியது:

அதோடு அந்த ஏழு மாதத்தை இன்றிரவு இருந்து நிரப்பிவிடாதீர்கள் தம்பி. ஒரே பேனையில் ஒரே கையெழுத்தில் ஏழு மாதம் எழுதினால் பார்த்த உடனே தெரியும். இன்றைய தேதியிலிருந்து தொடங்குங்கள், அந்தப் போத்தல் எறிந்ததை முதல் வரியாக, பிந்தி எழுதுகிறேன் என்று சொல்லியே எழுதுங்கள். கமரா நேரத்தையும் பாருங்கள்.